பூட்டிக் கிடக்கும் பழைய நாடக அரங்கை மீண்டும் திறப்பது: ஆவணம் தேடுவதிலிருந்து முதல் மணி அடிப்பது வரை

பழைய அரங்கு ஒன்றைக் கையில் எடுக்கும் குழுக்கள் பெரும்பாலும் முகப்புக்கு வண்ணம் அடிப்பதில் தொடங்குகின்றன. திறப்பு விழா சிறப்பாக நடக்கும். அடுத்த ஐப்பசி மழையில் மாடி ஒழுகும். மேடையில் வாரம் ஒரு நிகழ்ச்சிகூட இல்லாமல் மறுபடி பூட்டு தொங்கும்.

சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபா அங்கேதான் நாடகம் போட்டது. 1890-களில் சென்னையின் முதல் சலனப்படக் காட்சியும் அங்கேதான் நடந்தது. சுவர்கள் நூறாண்டு கடந்தும் நின்றன. இடையிடையே சீரமைப்பு வேலைகள் நடந்தும் பல பத்தாண்டுகள் அது நிகழ்ச்சி இல்லாமலேயே கிடந்தது. அரங்கை உயிரோடு வைப்பது மாலைதோறும் அங்கே நடக்கும் நிகழ்ச்சி. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையையும் அந்தக் கண்ணோடுதான் வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு நகரங்களில் ஏறத்தாழ 1880 முதல் 1930 வரை செங்கல், சுண்ணாம்பு, தேக்கு கொண்டு கட்டிய அரங்குகளுக்கானது. பிற்காலக் கான்கிரீட் கட்டடத்துக்குத் தண்ணீர், மரம் பற்றிய பகுதிகள் பொருந்தாது, மற்றவை பொருந்தும்.

வரலாற்றைத் தேடுவது

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். மாநகராட்சி நிலமா, அறக்கட்டளைச் சொத்தா, நீண்டகாலக் குத்தகையா? நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று மிகப் பழைய ஆண்டுகளுக்கு இருக்காது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரத்தில் கட்டடம் எதற்காக என்று எழுதியிருக்கும் வரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யாராவது அங்கே வணிக வளாகம் கட்ட வந்தால் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த வரிதான். ஆர்மீனியன் தெருவில் அன்னி பெசன்ட் காலத்தில், 1915-ல் எழுந்த கோகலே மண்டபத்தில் இடிப்பு வேலை தொடங்கி, வழக்கால் பாதியில் நின்றது. அந்த நிலை வந்த பிறகு ஆவணம் தேடுவது மிகவும் தாமதம்.

அடுத்து நிகழ்ச்சிகளின் வரலாறு. எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மூன்றிலும் தேட வேண்டும். நாடக நோட்டீஸ்கள்தான் பெரும் புதையல். ஒரு நோட்டீஸில் நாள், நேரம், நாடகத்தின் பெயர் தவிர டிக்கெட் விகிதம் இருக்கும்: சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை, பெண்களுக்குத் தனி இடம். இதைக் கட்டடத்தோடு பொருத்திப் படியுங்கள். 'தரை' வகுப்பு இருந்திருந்தால், முன்பகுதியில் சனங்கள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள் என்று பொருள். மேடை உயரம் அந்தக் கண்மட்டத்துக்குக் கணக்கிட்டது. அதே இடத்தில் இன்று நாற்காலி போட்டால் நான்காம் வரிசைக்காரருக்கு நடனமணியின் பாதம் தெரியாது. இந்தக் கோளாறைக் கட்டட வரைபடம் காட்டித் தராது, நோட்டீஸ் காட்டித் தரும்.

மூன்றாவது ஆவணம் கட்டடமேதான். சுவரில் ஐந்து செ.மீ. சதுரங்களாக வண்ணத்தை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். எத்தனை பூச்சு, எந்த நிறம், எங்கே சிமென்ட் வந்தது எல்லாம் தெரியும். அடைத்துவிட்ட சாளரங்கள், உத்திரம் இருந்த குழிகள், மேடைப் பலகையின் அடியில் மூடிய திறப்புகள் ஆகியவற்றை 1:50 அளவு வரைபடத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் எண் கொடுத்து, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, நாள் எழுதி வையுங்கள். ஒரு பருவமழை முழுக்கப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அடித்தளம் பார்க்காமல் பூசக் கூடாது. உடையாவிட்டால் அது பழைய காயம், நிரப்பினால் போதும்.

பழையது எல்லாம் காக்க வேண்டியது என்று எண்ண வேண்டாம். பின்பக்கச் சுவரை ஒட்டிப் பிற்காலத்தில் கட்டிய கழிப்பறை, பொய்க்கூரை, பலகைத் தடுப்பு ஆகியவை தாராளமாகப் போகலாம். அவைதாம் பல இடங்களில் ஓதத்துக்கும் காற்றோட்டமின்மைக்கும் காரணம்.

மதிப்பீட்டுக்கு முன்னால் நாள்காட்டி

பொறியாளரைக் கூப்பிடுமுன் ஓர் ஆண்டின் 365 கட்டங்களை வரைந்து, யார் எந்த நாளில் வருவார்கள் என்று நிரப்பிப் பாருங்கள். மார்கழி தானாக நிரம்பும். ஆடியும் புரட்டாசியும் காலியாக நிற்கும். பள்ளி ஆண்டுவிழா, புத்தக வெளியீடு, நாடகப் பயிலரங்கு எனத் தேடிப் பிடிக்க வேண்டிய மாதங்கள் அவை.

கணக்கு எளிது. மாதத்தின் நிலையான செலவை (சம்பளம், மின்சாரம், காப்பீடு, பராமரிப்பு நிதி) ஒரு நிகழ்ச்சியின் நிகர வரவால் வகுங்கள். எடுத்துக்காட்டாக, செலவு ₹2,40,000, நிகர வரவு ₹12,000 என்றால் மாதம் 20 நாள் நிகழ்ச்சி வேண்டும். 20 நாள் வராது என்று தோன்றினால் வாடகையை ஏற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும். காலை நேரத்தை ஒத்திகைக்கு மூன்றில் ஒரு பங்கு வாடகையில் விடுங்கள். ஒத்திகை பார்க்கும் குழு அங்கேயே அரங்கேற்றவும் விரும்பும்.

முதன்மைப் பயன்பாடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாடகத்துக்கு மேடையின் இரு பக்கமும் தட்டிக்கு (நடிகர்கள் மறைந்து நிற்கும் தடுப்பு) பின்னால் 2.5 முதல் 3 மீட்டர் இடம் வேண்டும். பரதத்துக்கு 9 மீட்டர் அகலமும் 7 மீட்டர் ஆழமும், அடியில் காற்று உள்ள மரத்தளமும் வேண்டும். கர்நாடக இசைக்கு மேடை சிறியதாக இருக்கலாம், ஆனால் மின்விசிறிச் சத்தம்கூட ஆகாது. தெருக்கூத்துக்கு மூன்று பக்கமும் சனம் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் பொது என்று கட்டிய மேடை எதற்கும் சரியாக அமையாது.

தண்ணீரை நிறுத்துவது

இந்த அரங்குகளின் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் ஒட்டு. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய ஒட்டுக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் 75 முதல் 100 மி.மீ. செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடுகளைப் (தட்டோடு) பதித்திருப்பார்கள். ஐ.எஸ். 2119 இந்தக் கூரைக்கான இந்தியத் தர விதி. ஒப்பந்தப் பத்திரத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

ஒழுகினால் மேலே சிமென்ட் தளம் போடும் வழக்கம்தான் இந்தக் கூரைகளைக் கொன்றது. 50 மி.மீ. சிமென்ட் தளம் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை ஏற்றும். வெயிலில் அது விரிசல் விடும், நீர் கீழே இறங்கும், மேலே ஆவியாக வழியில்லாமல் தேக்குக் கட்டையில் தங்கும். எனவே முதல் வேலை அந்தத் தளத்தைச் சிற்றுளியால் எடுப்பது. அதிரும் இயந்திரம் வேண்டாம். கீழே உள்ள ஒட்டுக்கல் பிடி தளர்ந்து கொட்டும். கீழிருந்து முட்டு கொடுத்த பிறகே மேலே ஆள் ஏற வேண்டும்.

கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். வேரோடு செங்கலும் வரும். தண்டை வெட்டி, அடித்தண்டில் துளையிட்டு, களைக்கொல்லி ஊற்றி, வேர் காய்ந்த பிறகு கல்லைப் பிரித்து எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தில் மறுபடி கட்டுங்கள்.

சுவரில் கீழ் ஒரு மீட்டர் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தால், வெளியே தரை உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாலையை அடுக்கடுக்காகப் போட்டு உயர்த்திய தெருக்களில் பழைய கட்டடம் பள்ளத்தில் கிடக்கும். சுவரைச் சுற்றி வாய்க்கால் எடுத்து மழைநீரை விலக்கிய பிறகே பூச்சு.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது இரண்டு வாரம் குழியில் ஊற விட்டுச் சலிக்க வேண்டும். அடிப்பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று மணல், மேல்பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு சலித்த நயம் மணல். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்ப்பதென்றால், அவற்றின் எடை சுண்ணாம்பின் எடையில் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். கூடினால் இறுகத் தாமதமாகும், பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பூச்சும் 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு வாரம் ஈரச் சாக்கு கட்டி வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் திறந்து விட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து மயிரிழை விரிசல் ஓடும். முதலில் ஒரு சதுர மீட்டரில் மாதிரி போட்டு, மாதம் ஒன்று விட்டுப் பாருங்கள். ஒப்பந்ததாரர் அவசரப்படுவார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மரம்

உத்திரத்தின் நடுப்பகுதி பார்க்க நன்றாக இருக்கும். அழுகல் சுவருக்குள் புதைந்த முனையில் இருக்கும். ஒவ்வொரு முனையையும் குத்தூசியால் குத்திப் பாருங்கள், சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். மந்தமான ஓசை வந்தால் உள்ளே கரையானோ மட்கலோ இருக்கிறது. ஈரமானியில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் பூஞ்சைக்கு இடம் இருக்கிறது. நீர் எங்கிருந்தோ இன்னும் வருகிறது.

முழு உத்திரத்தையும் மாற்றத் தேவையில்லை. கெட்ட முனையை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, பழைய தேக்கிலேயே சரிவு இணைப்பு போட்டு, இரு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் முடுக்கலாம். சுவர்க்குழியில் முனையைச் சுற்றி விரற்கடை காற்றிடம் விடுங்கள். சாந்து வைத்து அடைத்தால் அதே இடத்தில் மறுபடி மட்கும்.

பால்கனியில் அவசரம் கூடாது. ஐ.எஸ். 875 விதிப்படி நிலையான இருக்கை உள்ள கூடத்துக்குச் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ நூறு கிலோ எடை), இருக்கை இல்லாத கூடத்துக்கும் மேடைக்கும் 5 கிலோநியூட்டன் பளு தாங்க வேண்டும். பழைய மரப் பால்கனி இதைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுதிக் கொடுக்கும்வரை அங்கே யாரையும் உட்கார வைக்காதீர்கள். தாங்காது என்றால் ஒளியமைப்பாளர் மேசைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். அது நல்ல பயன்பாடுதான்.

தீயும் மின்சாரமும்

சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பிறகு அது பழைய முறையிலேயே மீட்டெடுக்கப்பட்டது. மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. தில்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்ததற்கு, கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்தது ஒரு பெரும் காரணம். வரவு கூட்டுவதற்காக நடைபாதையில் நாற்காலி போடும் பேச்சு எப்போது எழுந்தாலும் இதை நினைவுபடுத்துங்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன்படி மக்கள் கூடும் கட்டடத்தின் வெளியேறும் கதவும் படிக்கட்டும் 2 மீட்டர் அகலம் வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். பழைய தேக்குக் கதவு உள்ளே திறப்பதாக இருந்தால், நிலைச்சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கீலை மாற்றித் தொங்கவிடலாம். அகலம் போதாவிட்டால் சுவரை உடைப்பதைவிட இருக்கை எண்ணிக்கையைக் குறைப்பது மேல்.

மரப்பட்டியில் ஓடும் பழைய கம்பிகள் முழுவதும் போக வேண்டும். ஒரு முழம்கூட விட்டு வைக்காதீர்கள். ஒளி, ஒலி, பொது விளக்கு மூன்றுக்கும் தனித்தனிச் சுற்று. ஒலிக் கம்பியும் மின்கம்பியும் ஒன்றையொன்று செங்குத்தாக மட்டுமே கடக்கட்டும். பக்கத்தில் ஓடினால் ஒலிபெருக்கியில் ரீங்காரம் கேட்கும். சுண்ணாம்புச் சுவரைக் காடி வெட்டாமல் வெளிப்புறக் குழாயில் கொண்டுபோங்கள். ஆயிரம் வாட் 'பார்' (PAR) மேடை விளக்குகளுக்குப் பதில் எல்.இ.டி. போட்டால் மின்பளு ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். மேலே தொங்கும் எடையும் சூடும் குறைவதால் பழைய மரக்கூரைக்கும் நல்லது.

ஒலி: இந்தக் கட்டடங்களின் உண்மையான சொத்து

ஒலிபெருக்கி வருமுன் கட்டிய அரங்குகள் இவை. கடைசி வரிசைவரை வெறும் குரல் போக வேண்டும் என்று கட்டியவர்கள் நினைத்தார்கள். அதைக் கெடுப்பது சீரமைப்பின்போதுதான் நடக்கிறது.

எதிரொலி நீடிப்பை, அதாவது ஓசை நின்ற பிறகு கூடத்தில் ஒலி அடங்க ஆகும் நேரத்தை, நீங்களே கணக்கிடலாம். அரங்கின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பையும் அது ஒலியை உறிஞ்சும் எண்ணால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால் விநாடியில் விடை வரும். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் உள்ள கூடத்தின் கன அளவு 1,920 கன மீட்டர். சுண்ணாம்புச் சுவர் 512 சதுர மீட்டருக்கு 0.03 வீதம் 15. மரக்கூரையும் மரத்தளமும் 0.1 வீதம் தலா 24, மொத்தம் 63. காலிக் கூடத்தில் 4.9 விநாடி. ஒருவருக்கு 0.45 என்று வைத்து 300 பேர் உட்கார்ந்தால் உறிஞ்சல் 198 ஆகும், நீடிப்பு 1.6 விநாடி. 150 பேர் மட்டும் வந்தால் 2.4.

நாடக வசனத்துக்கு 1 விநாடி அளவும், கர்நாடக இசைக்கு 1.2 முதல் 1.5 வரையும் இதமானது. ஆகவே அரைக்கூட்டத்தில் வசனம் குழம்புவதற்கு நடிகர் காரணமில்லை, கூடம்தான் காரணம்.

பலரும் கவனிக்காதது சன்னல். திறந்த சன்னல் ஒலியை முழுவதும் வெளியே விட்டுவிடும். அதன் உறிஞ்சல் எண் 1. மூன்று சதுர மீட்டர் சன்னல் எட்டு இருந்தால் 24. நிறைந்த கூடத்தின் நீடிப்பு 1.6-லிருந்து 1.4-க்கு இறங்கும். குளிர்சாதனம் போட்டு அவற்றை மூடியவுடன் 'பழைய மாதிரி கேட்கவில்லை' என்று ரசிகர்கள் சொல்வது உண்மைதான். வாகன இரைச்சலுக்காக மூடியே ஆக வேண்டும் என்றால், இழந்த உறிஞ்சலைத் திருப்பிக் கொடுங்கள். பின்சுவரிலும் பக்கச்சுவரின் பின்பாதியிலும் துணி போர்த்திய 50 மி.மீ. கண்ணாடிநார்ப் பலகை 60 சதுர மீட்டர்; தண்டவாளத்தில் ஓடும் கனத்த மடிப்புத் திரை இன்னொரு 60. இரண்டும் சேர்ந்து 84 வரை கூட்டும், நிறைந்த கூடம் 1.1-க்கு வரும். நாடகத்தன்று திரையை விரியுங்கள், கச்சேரியன்று ஒதுக்குங்கள். இருக்கைக்கு மெத்தை வைத்தால் கூட்டம் குறைந்த நாளிலும் ஒலி அதிகம் மாறாது.

மேடைக்கு அருகிலுள்ள பக்கச்சுவரிலும் கூரையின் முன்பகுதியிலும் எதையும் ஒட்டாதீர்கள். குரலைப் பின்வரிசைக்குத் தள்ளுவது அவைதான். சுற்றிலும் பஞ்சுப்பலகை அடித்த அரங்கில் பாடகருக்குத் தன் குரலே கேட்காது. மைக்கை ஏற்றச் சொல்வார், சச்சரவு அங்கே தொடங்கும். மேடை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுங்கள். பின்சுவரிலிருந்து தனி ஒலியாகத் திரும்பினால் நேர்வழிக்கும் எதிரொலி வழிக்கும் 17 மீட்டருக்கு மேல் வித்தியாசம். பின்சுவரில் பலகை வேண்டும். 'டர்ர்' என்று அதிர்ந்தால் இணையான இரு சுவர்களுக்கு நடுவே ஒலி மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் புத்தக அலமாரி போன்ற மேடுபள்ளம் கொடுத்தால் போதும்.

மேடை

கீழே நாற்காலி என்றால் மேடை உயரம் 90 செ.மீ. முதல் 105 செ.மீ. வரை. மரத்தளத்தை நேராகக் கான்கிரீட் மேல் ஒட்டினால் நடனக் கலைஞரின் முழங்கால் தேயும். குறுக்குக் கட்டைகளின் மேல், அடியில் ரப்பர் துண்டு வைத்து, பலகை சற்றே நெகிழும்படி இருக்க வேண்டும். பலகை இடுக்கில் ஒரு மி.மீ. விடுங்கள், மழைக்காலத்தில் மரம் ஊதும். வழவழக்கும் வார்னிஷ் பூசாதீர்கள்.

பழைய படுதாக்களும் கப்பிகளும் கிடைத்தால் எறியாதீர்கள். ஆனால் அந்தக் கயிற்றில் எடை தூக்காதீர்கள். தலைக்கு மேல் தொங்கும் எதற்கும் கயிறு முறியும் பளுவில் பத்தில் ஒரு பங்குதான் ஏற்ற வேண்டும். ஒப்பனை அறையை ஒட்டிக் கழிப்பறை இருக்கட்டும். பெண் கலைஞர்களுக்குத் தாழ்ப்பாளோடு தனி அறை முதல் நாளிலேயே வேண்டும். கையால் தள்ளும் சக்கர நாற்காலியும் ஏறும் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு. கூடத்துக்கு மட்டுமல்லாமல் மேடைக்கும் ஒன்று வேண்டும்.

பணமும் அனுமதியும்

சென்னைப் பெருநகரில் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம் வரைபடத்தோடு போக வேண்டும். பொதுமக்கள் கூடும் இடத்துக்கு 1888-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வுச் சான்று ஆகியவற்றை வேலை முடியும் முன்பே எழுதிப் போடுங்கள்.

வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்தின் மீட்புப் பணி, 2013 நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்குத் தகுதியானது. மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கு 20 விழுக்காடு வையுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகே தெரியும். நாடகம், நடனம், இசை நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட் ₹500-க்கு மேல் போகாவிட்டால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. நாட்டார் கலை, செவ்வியல் கலைஞர்களின் ஊதியத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ₹1,50,000 வரை விலக்கு. அரங்கு வாடகைக்கு அந்த விலக்கு இல்லை. ஆண்டு வரவு ₹20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும்.

திறந்த பிறகு

முதல் மாதத்தில் பெரிய பெயர்களை அழைக்காதீர்கள். உள்ளூர்க் குழுக்களின் நிகழ்ச்சி நாலைந்து நடக்கட்டும். எந்தக் கதவு கிறீச்சிடுகிறது, எந்த வரிசையில் குரல் தேய்கிறது, இடைவேளையில் கழிப்பறை வரிசை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மேடை மேலாளர், மின்பணியாளர், காவலர் ஆகிய மூவருக்கும் நிரந்தரச் சம்பளம் வேண்டும். வாடகை வரவில் பத்தில் ஒரு பங்கு தனிக் கணக்கில் பராமரிப்புக்குப் போகட்டும். அதை எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும்.

ஆவணி முடியுமுன் மாடி வடிகுழாய்களைச் சுத்தம் செய்து, தட்டோட்டின் இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தில் அடையுங்கள். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் உத்திர முனைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரையான் தடம் தேடுங்கள். மேடைக்கு அடியில்தான் முதலில் தெரியும், ஆகவே அங்கே ஆள் தவழ்ந்து போகும் அளவு திறப்பு வையுங்கள். நிகழ்ச்சி நடந்த நாள், குழு, வந்தவர் எண்ணிக்கை, ஏற்பட்ட பழுது நான்கையும் ஒரே பதிவேட்டில் எழுதி, நோட்டீஸில் ஒரு பிரதியை அதே பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.